பழைய அலுவெட் கிட்டிலிருந்து ஒரு சேத்தக்: 1/72 அளவில் திருத்திக் கட்டும் முறை

சேத்தக் ஹெலிகாப்டருக்குத் தனியாக கிட் (பாகங்களாக வரும், ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் மாடல்) தேட வேண்டியதில்லை. 1959-ல் முதலில் பறந்த பிரெஞ்சு அலுவெட் 3-ஐத்தான் பெங்களூரு எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) உரிமம் வாங்கி சேத்தக் என்ற பெயரில் 300-க்கும் மேல் தயாரித்தது. அதனால் அலுவெட் 3 கிட் இருந்தால் போதும். வாங்கும்போது வாலை மட்டும் பாருங்கள். சேத்தக்கின் வால் தகடு போர்த்திய மூடிய குழல். குழாய்ச் சட்டம் வெளியே தெரிந்தால் அது அலுவெட் 2 அல்லது நம் ஊர் சீட்டா. அதைத் திருத்தி சேத்தக் ஆக்க முடியாது.

கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் பல வருடம் உழைத்துத் தேய்ந்த அச்சில் வார்த்த கிட்டாகத்தான் இருக்கும். ஓரமெல்லாம் பிசிறு, தடித்த கண்ணாடி, வளைந்த வால், பழுத்துப் போன டிகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்). இத்தனையையும் திருத்த உட்கார்ந்தால் மாடல் முடியவே முடியாது. சேத்தக்கைப் பார்ப்பவர் கண் முதலில் மூக்குக் கண்ணாடிக்குப் போகும், அடுத்து ரோட்டருக்கு. மொத்த உழைப்பில் பாதியை இந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள். மற்றவை சுத்தமாக இருந்தாலே போதும்.

அளவும் சாமான்களும்

பாகங்களை வெட்டும் முன் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். நிஜ ஹெலிகாப்டரின் உடல் நீளம் 10.03 மீட்டர், மெயின் ரோட்டர் விட்டம் 11.02 மீட்டர், வால் ரோட்டர் விட்டம் 1.91 மீட்டர். 72-ஆல் வகுத்தால் முறையே 139, 153, 26.5 மில்லிமீட்டர் வரும். உடல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைந்தால் விட்டுவிடுங்கள், கண்ணுக்குத் தெரியாது. ரோட்டர் குறைந்தால் தெரியும். பிளேடு குட்டையாக இருந்தால் அடிப்பக்கம் வெட்டி, அங்கே துண்டு வைத்து நீட்டுங்கள். நுனியில் ஒட்டு போட்டால் எவ்வளவு தேய்த்தாலும் காட்டிக் கொடுத்துவிடும்.

சின்னக் கருவிகளுக்கு மதுரையில் தெற்கு ஆவணி மூல வீதிப் பக்கம் நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடைகளைக் கேளுங்கள். ஊசி அரம், கூர்முனைச் சாமணம், கையால் சுற்றும் டிரில், 0.4 முதல் 1 மி.மீ. வரை டிரில் பிட், மெல்லிய பித்தளைக் கம்பி எல்லாம் ஆசாரிகள் அன்றாடம் புழங்குபவை. ஹாபி சாமான் என்று ஆன்லைனில் விற்பதை விடத் தரம் குறையாது. வாட்டர் பேப்பர் 400, 600, 1000, 1500, 2000 நம்பர்களில் ஒவ்வொரு தாள், சந்து அடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி, கிரே பிரைமர் ஸ்ப்ரே, ரப்பிங் காம்பவுண்ட் இவை கார் பெயிண்ட் கடையில் கிடைக்கும். ஆன்லைனில் வரவழைக்க வேண்டியவை மூன்று: பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் தண்ணி பசை, மாடலுக்கான அக்ரிலிக் பெயிண்ட், டிகால் பேப்பர். போர்டு செய்பவர்கள் அக்ரிலிக் ஷீட்டை ஒட்ட குளோரோஃபார்ம் வைத்திருப்பார்கள். அது கிட் பிளாஸ்டிக்கையும் ஒட்டும்தான். ஆனால் மூடிய அறையில் அந்த ஆவியைச் சுவாசிப்பது ஈரலுக்குக் கேடு. வேண்டாம்.

உடலைச் சேர்ப்பது

பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்த்தே எல்லாப் பாகத்தையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பழைய பல் பிரஷ்ஷால் கழுவுங்கள். அச்சிலிருந்து பாகம் கழலத் தடவிய எண்ணெய் மிச்சம் இருந்தால் பெயிண்ட் பின்னால் தோலாக உரியும்.

கழுவிய பின் உடலின் இரு பாதிகளையும் பசை இல்லாமல் பொருத்திப் பாருங்கள். வால் ஒரு பக்கம் முறுக்கியிருந்தால், கொதித்து இறக்கி இரண்டு மூன்று நிமிடம் ஆன தண்ணீரில் வாலை மட்டும் முக்கி, இளகியதும் நேராக்கி, அப்படியே பிடித்தபடி பச்சைத் தண்ணீரில் விடுங்கள். கொதிக்கக் கொதிக்க முக்கினால் பிளாஸ்டிக் சுருங்கி, இரு பாதிகளும் பிறகு ஒன்றோடொன்று சேராது. ஒரே தடவையில் முழுக்க நேராகாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவாருங்கள்.

உடலை மூடும் முன் கேபின். பழைய கிட்டில் பெரும்பாலும் வெறும் தரையும் பெஞ்சு மாதிரி இருக்கைகளும்தான் இருக்கும். சேத்தக்கில் விமானியோடு சேர்த்து ஏழு பேர் உட்காரலாம்: முன்னால் மூன்று, பின்னால் நான்கு. மூக்கு முழுக்கக் கண்ணாடி என்பதால் முன் மூன்று இருக்கைகளும் கருவிப் பலகையும் அப்படியே தெரியும். அவற்றை மட்டும் திருத்துங்கள். இருக்கைக்கு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் வேண்டும். அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்ட டிஸ்போசபிள் கப், மூடி எல்லாம் கிட்டில் இருக்கும் அதே பாலிஸ்டைரீன்தான். அதே பசையில் ஒட்டும். பழைய ஏ.டி.எம். கார்டு பி.வி.சி., ஒட்டு நிற்காது. சீட் பெல்ட்டுக்கு மாஸ்கிங் டேப்பை 0.7 மி.மீ. அகலத்தில் கீறி ஒட்டினால் போதும். நிஜத்தில் அது 5 செ.மீ. பெல்ட்.

வால் நீளம் என்பதால் சில கிட்டுகள் வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடும். மூக்கில் எடை ஒளிக்க இடமில்லை, எல்லாம் கண்ணாடி. எனவே எடை கேபின் தரைக்கு அடியில், முன் சக்கரத்துக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அங்கே. தூண்டில் ஈயக் குண்டைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி அங்கே வையுங்கள். எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம். ரோட்டர் உட்பட எல்லாவற்றையும் டேப் போட்டுச் சேர்த்து, பின் சக்கரம் வரும் இடத்தின் கீழே ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து உடலை நிறுத்துங்கள். மூக்கு தானாகத் தாழும் வரை ஈயம் சேருங்கள், அதற்கு மேல் ஒரு கிராம் கூடுதலாக. ஒட்டுவதற்கு அரால்டைட் அல்லது ஃபெவிக்விக். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை ஈயத்தோடு சில வருடத்தில் வினைபுரிந்து வெள்ளைப் பொடியாகப் பொங்கி, உள்ளிருந்து மாடலையே பிளந்துவிடும். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இனி உடலை மூடலாம். பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, தண்ணி பசையைப் பிரஷ் நுனியில் தொட்டுக் கோட்டில் வைத்தால் அதுவே உள்ளே ஓடிவிடும். இருபது விநாடி கழித்து மெதுவாக அழுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக் நூலாக வெளியே பிதுங்க வேண்டும். பிதுங்கினால் சந்து நிரம்பிவிட்டது என்று அர்த்தம். ஒரு நாள் விட்டு அந்த நூலைத் தேய்த்து எடுத்தால் பாதி இடத்தில் பட்டியே தேவைப்படாது.

மிச்சத்துக்கு மூன்று வகைப் பட்டி. மயிரிழைச் சந்துக்கு ஃபெவிக்விக் மேல் முகப் பவுடர் தூவி, அரை மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். ராத்திரி வைத்துக் காலையில் தேய்த்தால் அது பிளாஸ்டிக்கை விடக் கெட்டியாகிவிடும். பட்டி மேடாக நிற்க, இருபுறமும் பிளாஸ்டிக் குழிந்துபோகும். ஆழமில்லாத குழிகளுக்கு என்.சி. பட்டி, காகிதக் கனத்துக்கு மேல் ஒரே கோட்டில் வேண்டாம். அதிலுள்ள தின்னர் ஆவியாகும்போது பட்டி சுருங்கும். தடிமனாக அப்பினால் கீழேயுள்ள பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். ஒரு நாள் காயவிட்டு மறு கோட். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளந்திருக்கும் இடத்துக்கு எம்-சீல், அது சுருங்காது. ஈர விரலால் வழித்து விடுங்கள்.

பழைய அச்சில் ரிவெட்டுகள் கடுகு கடுகாக நிற்கும். 0.3 மி.மீ. ரிவெட் என்றால் நிஜத்தில் 2 செ.மீ.க்கு மேல். அப்படி ஒரு ரிவெட் எந்த ஹெலிகாப்டரிலும் இல்லை. அதற்காக மொத்தமாக வழித்து எடுக்கவும் வேண்டாம். 600 தாளைத் தண்ணீரில் நனைத்து, விரலில் தட்டுப்படாமல் கண்ணுக்கு மட்டும் தெரியும் அளவுக்குத் தேய்த்து நிறுத்துங்கள். பிரைமர் அடித்ததும் அளவாகத் தெரியும்.

மூக்குக் கண்ணாடி

கிட்டில் வரும் கண்ணாடி 1.2 மி.மீ. கனம் என்று வையுங்கள். நிஜ அளவில் அது எட்டரை சென்டிமீட்டர் கனம். உள்ளே என்ன வேலை செய்திருந்தாலும் தண்ணீருக்குள் கிடப்பது போல நெளிந்துதான் தெரியும்.

கண்ணாடி தெளிவாக இருந்து, கீறல் மட்டும்தான் குறை என்றால் அதையே மெருகேற்றலாம். 1000, 1500, 2000 என்று நனைத்துத் தேய்த்து, ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றுங்கள். முந்தைய கீறல் மறைந்ததா என்று அப்போதுதான் தெரியும். பிறகு பனியன் துணியில் ரப்பிங் காம்பவுண்ட், கடைசியாகப் பளபளப்பு தரும் அக்ரிலிக் வார்னிஷில் முழுக்க முக்கி எடுத்து, தூசு விழாமல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடி வையுங்கள்.

மஞ்சளித்தோ வெடித்தோ இருந்தால் புதிதாகவே செய்துவிடுவது நல்லது. கூல்டிரிங்ஸ் பாட்டில் பிளாஸ்டிக் சூட்டில் சுருங்கி, உள்ளே இருக்கும் உருவத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதுதான் வழி.

கண்ணாடியின் உள்பக்கம் எம்-சீல் அடைத்து அதையே உருவாக வைத்துக்கொண்டால், புதுக் கண்ணாடி சுற்றிலும் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் சிறுத்துவிடும், உடலோடு சேராது. வெளிப்பக்கத்தைத்தான் அச்செடுக்க வேண்டும். கண்ணாடி மேல் தேங்காய் எண்ணெய் மெல்லிசாகத் தடவி, ஒரு சின்னக் கிண்ணத்தில் கரைத்த பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் மூக்கு கீழே வரும்படி விளிம்பு வரை அமிழ்த்துங்கள். இறுகியதும் கழற்றினால் குழி கிடைக்கும். அந்தக் குழியிலும் எண்ணெய் தடவி, மறுபடி பிளாஸ்டர் ஊற்றி, கைப்பிடிக்கு ஒரு மரக் குச்சியைச் செருகுங்கள். வெளியே எடுத்த உருவத்தை 0.3 மி.மீ. அளவுக்குச் சுற்றிலும் தேய்த்துக் குறையுங்கள். பாட்டில் பிளாஸ்டிக்கின் கனம் ஏறக்குறைய அவ்வளவுதான். 1000 தாளில் வழவழப்பாக்குங்கள். உருவத்தில் இருக்கும் ஒவ்வொரு மணலும் கண்ணாடியில் பதியும்.

உருவம் எலும்பு போலக் காய வேண்டும். மதுரை வெயிலில் இரண்டு நாள் போதும். ஐப்பசி மழையில் ஒரு வாரம் வையுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சூடு பட்டதும் ஆவி கிளம்பிக் கண்ணாடியில் கொப்புளம் போடும்.

வரி, எழுத்து எதுவும் இல்லாத நேர்ச்சுவர் உள்ள சின்ன பாட்டிலாக எடுங்கள். குடிதண்ணீர் பாட்டில் பல மிக மெல்லிசு. சோடா அடைத்த பாட்டில்தான் கெட்டி. அடிப்பாகத்தை வெட்டி, உருவத்தை உள்ளே நுழைத்து, பின்பக்கக் காலி இடத்தை மரத் துண்டால் அடையுங்கள். அடைக்காவிட்டால் பிளாஸ்டிக் பின்பக்கமாகச் சுருங்கி, மூக்குப் பக்கம் சுருக்கம் விழும். பிறகு ஹீட் கன். மொபைல் சர்வீஸ் கடைகளில் வைத்திருப்பார்களே, அதுதான். ஹேர் டிரையர் சூடு பத்தாது. பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருங்கள். பிளாஸ்டிக் உருவத்தை இறுகப் பிடித்த உடனே நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று காட்டினால் பால் போல வெளுத்துவிடும். அதை மெருகேற்றிச் சரிசெய்ய முடியாது, அடுத்த பாட்டில்தான். முதல் ஒன்றிரண்டு வீணாகத்தான் செய்யும். ஐந்தாறு பாட்டில் சேர்த்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

ஆறியதும் விளிம்பைப் புது பிளேடால் பல தடவை லேசாகக் கீறி எடுங்கள், ஒரே அழுத்தாக வேண்டாம். இந்தப் பிளாஸ்டிக்கைக் கிட் பசை ஒட்டாது. ஃபெவிக்விக் புகை கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும், அதுவும் கூடாது. ஃபெவிகாலை ஊசி நுனியில் தொட்டு விளிம்பில் ஓட்டி, ஈரப் பிரஷ்ஷால் துடைத்துவிடுங்கள். காய்ந்ததும் தெளிந்துவிடும்.

கண்ணாடியின் சட்டங்களுக்கு நேராகப் பெயிண்ட் அடித்தால் பாட்டில் பிளாஸ்டிக்கிலிருந்து உரியும். வெற்று டிகால் பேப்பரில் உடல் நிறத்தை அடித்து, காய்ந்ததும் 0.5 மி.மீ. பட்டைகளாகக் கீறி ஒட்டுங்கள். சட்டம் எங்கே வளைகிறது, எங்கே சேர்கிறது என்பதை கிட் படத்தை நம்பாமல் நிஜப் புகைப்படத்தைப் பார்த்து வையுங்கள்.

ரோட்டர்

மேலிருந்து பார்த்தால் சேத்தக்கின் ரோட்டர் கடிகார முள் திசையில் சுற்றும், பிரெஞ்சு ஹெலிகாப்டர்களின் வழக்கம் அது. அப்படியென்றால் பிளேடின் உருண்ட விளிம்பு அந்தத் திசையில் முன்னால் இருக்க வேண்டும். கிட் பிளேடைத் தலைகீழாக ஒட்டிவிட்டால் ரோட்டர் எதிர்த்திசைக்குப் போய்விடும். பலர் சறுக்கும் இடம் இது. ஒட்டும் முன் ஒவ்வொரு பிளேடின் மேல்பக்கத்திலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பிளேடின் பின்விளிம்பு முக்கால் மில்லிமீட்டர் கனமாவது இருக்கும். பிளேடைக் கண்ணாடித் தகட்டில் படுக்க வைத்து, கீழ்ப்பக்கம் மட்டும் 400-ல் தேய்த்து, பின்விளிம்பை 0.3 மி.மீ. அளவுக்குக் கொண்டுவாருங்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபடியே தேய்க்க வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் மூன்றும் மூன்று கனத்தில் வரும்.

நின்றிருக்கும் ஹெலிகாப்டரின் பிளேடு சொந்த எடையில் தொங்கும். கிட்டில் விறைப்பாக இருக்கும். சுடுதண்ணீரில் முக்கி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அடியிலிருந்து நுனிக்கு உருவுங்கள், மெல்ல வளையும். வளைவு நுனியை நோக்கிக் கூடிக்கொண்டே போக வேண்டும், ஓரிடத்தில் மடிந்தது போல இருக்கக் கூடாது. எவ்வளவு என்பதற்குப் பக்கவாட்டுப் புகைப்படமே கணக்கு. மூன்றுக்கும் ஒரே வளைவு வர, முதல் பிளேடின் வளைவை அட்டையில் வரைந்து வெட்டி, மற்ற இரண்டையும் அதில் வைத்துப் பாருங்கள்.

தாளில் 120 பாகை இடைவெளியில் மூன்று கோடு போட்டு, நடுவில் ரோட்டர் தலையை வைத்து ஒட்டுங்கள். பிளாஸ்டிக் ஒட்டு மட்டும் தாங்காது. பிளேடு அடியிலும் தலையிலும் 0.5 மி.மீ. துளை போட்டுப் பித்தளைக் கம்பி செருகுங்கள்.

சேத்தக்கின் ரோட்டர் தலையில் பிளேடுக்குப் பிளேடு மெல்லிய கேபிள் போகும். இடைவெளியைக் காக்கும் கேபிள் அது. மேலிருந்து பார்த்தால் முக்கோணமாகத் தெரியும். பழைய கிட்டுகளில் பொதுவாக அது இருக்காது. எலக்ட்ரிக் கடையில் 14/36 ஒயர் ஒரு முழம் வாங்கி உரித்தால் 0.19 மி.மீ. செம்பு இழைகள் பதினான்கு கிடைக்கும். ஓர் இழையை இரண்டு சாமணத்தால் பிடித்து இழுத்தால் நேராகிவிடும். மூன்று துண்டு வெட்டி, ஃபெவிக்விக்கை ஊசியில் தொட்டு ஒட்டுங்கள். அரை மணி நேர வேலைதான். ஆனால் பொம்மையாகத் தெரிந்த ரோட்டர் இதற்குப் பிறகு இயந்திரமாகத் தெரியும். மிஞ்சிய இழைகள் திறந்த எஞ்சினைச் சுற்றி ஓடும் குழாய்களுக்கு ஆகும். வால் ரோட்டருக்குக் கீழே இருக்கும் காப்பு வளையமும் கிட்டில் தடியாக இருக்கும், 0.5 மி.மீ. பித்தளைக் கம்பியில் வளைத்து மாற்றுங்கள்.

பெயிண்ட், டிகால்

பிரைமரை ஒரே ஈரக் கோட்டாக அடித்தால் கார் பிரைமரின் தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்னும். 25 செ.மீ. தூரத்திலிருந்து பனி விழுவது போல மூன்று தடவை. பட்டியில் விட்ட குறை எல்லாம் இந்தச் சாம்பல் நிறத்தில்தான் தெரியும். திருத்தி மறுபடி அடியுங்கள்.

சித்திரை, வைகாசியில் மத்தியானம் ஸ்ப்ரே செய்தால் பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து, சொரசொரப்பாக வந்து விழும். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். அல்லது தின்னரைக் கூட்டி, முனையைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். மழைக்காலத்தில் லாக்கர் வகை (தின்னரில் கரையும்) பெயிண்ட் வெள்ளையாகப் பூக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அங்கே படிவதே காரணம். ஆடிக் காற்றில் மொட்டை மாடிப் பக்கமே போக வேண்டாம், தூசு படிந்துவிடும். நிறத்துக்கு ஒரே ஒரு புகைப்படத்தைத் தேர்ந்தெடுத்து அதையே கடைசி வரை பின்பற்றுங்கள். விமானப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை எல்லாம் சேத்தக்கைப் பயன்படுத்தியிருப்பதால், இரண்டு படங்களைக் கலந்தால் எங்கும் இல்லாத ஒரு ஹெலிகாப்டர் வந்துவிடும்.

மஞ்சளித்த டிகால் தாளை ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம், படம் வெயிலைப் பார்க்கும்படி ஒட்டி வையுங்கள். நம் ஊர் வெயிலுக்குச் சில வாரத்தில் வெளுத்துவிடும். பிறகு தேவையில்லாத ஓர் எண்ணை வெட்டித் தண்ணீரில் போட்டுச் சோதியுங்கள். நொறுங்கினால் தாள் முழுக்கப் பளபளப்பு வார்னிஷ் இரண்டு கோட் அடித்து, ஒவ்வொன்றையும் ஓரம் ஒட்டி வெட்டிப் பயன்படுத்துங்கள். ஒட்டும் இடம் வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று மாட்டிக்கொண்டு வெள்ளி போல மினுங்கும்.

இந்திய வட்டச் சின்னம் வெளிநாட்டு கிட்டில் இருப்பது அபூர்வம். வெளியே காவி, நடுவில் வெள்ளை, மையத்தில் பச்சை. பிரிண்டர் வெள்ளையை அச்சிடாது. எனவே வெள்ளை டிகால் பேப்பரில் அச்சிட்டு, விளிம்பை ஒட்டி வெட்டுங்கள்.

கடைசியாகச் சேர்ப்பவை வால் காப்பு வளையம், ஆன்டெனா, வால் ரோட்டர் என்ற வரிசையில். மெயின் ரோட்டரை ஒட்டாமல் செருகி மட்டும் வையுங்கள். வேறு ஊருக்குக் கண்காட்சிக்கு எடுத்துப் போகும்போது தனியாகக் கழற்றிப் பஞ்சில் வைக்கலாம். வழியில் பூட்டிய காருக்குள் வெயிலில் மட்டும் விட்டுப் போகாதீர்கள். மெலிய இழைத்த பிளேடுகள்தான் முதலில் வளையும்.